உருளும் வட்டத்துக்குள் ஒரு நேர்கோடு: நஸீருத்தீன் அத்தூஸியும் நமது பிள்ளைகளும்

முல்லைத்தீவு மாவட்டத்தில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியன் நான். சென்ற தவணையில் பதினோராம் தர மாணவர்களுக்கு வட்டங்கள் பற்றிய பாடம் தொடங்கிய அன்று, வகுப்புக்கு இரண்டு பலகைத் துண்டுகளைக் கொண்டு போனேன். ஒன்று நடுவில் 24 அங்குல விட்டத்தில் வட்டமாக வெட்டி எடுக்கப்பட்ட பலகை. மற்றது சரியாக 12 அங்குல விட்டமுள்ள ஒரு தட்டு. தட்டின் விளிம்பில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை போட்டிருந்தேன். பெரிய வட்டத்தின் உட்புறமாக, வழுக்காமல், இந்தத் தட்டை உருட்டினால் அந்தப் பென்சில் என்ன வடிவத்தை வரையும் என்று பிள்ளைகளிடம் கேட்டேன்.

சுருள் சுருளாக வரும் என்றான் ஒருவன். பூவின் இதழ்கள் மாதிரி வரும் என்றாள் ஒரு பிள்ளை. சைக்கிள் டயரில் ஒட்டிய சேறு போகிற மாதிரி வில் வில்லாக வரும் என்றான் இன்னொருவன். மூன்றுமே நல்ல பதில்கள்தான். உருளும் வட்டங்களில் உள்ள புள்ளிகள் பொதுவாக அப்படித்தான் போகும். நேரான வீதியில் ஓடும் சைக்கிளின் டயரில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால், அது தரையைத் தொட்டு எழும்பி வளைந்து மறுபடியும் தரையைத் தொடும். அந்த வளைகோட்டை வட்டப்புள்ளியுரு என்கிறோம். அதில் ஒரு வளைவின் நீளம் சக்கரத்தின் ஆரையைப் போல் சரியாக எட்டு மடங்கு.

ஆனால் அன்று தாளில் வந்தது வளைகோடு அல்ல. தட்டு உருண்டுகொண்டே போக, பென்சில் பெரிய வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு அடிமட்டம் வைத்துக் கீறியது போல ஒரு நேர்கோட்டை வரைந்தது. பிறகு அதே கோட்டின் மீது திரும்பி வந்தது. வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. இரண்டு வட்டங்கள் சேர்ந்து ஒரு நேர்கோட்டைத் தரும் என்பதைக் கண்டு நிறுவியவர் கி.பி. 1201 இல் பிறந்த ஒரு முஸ்லிம் அறிஞர் என்றும், அவரது பெயர் நஸீருத்தீன் அத்தூஸி என்றும், இன்று உலகம் இதை 'தூஸி இணை' என்று அழைக்கிறது என்றும் சொல்லி அன்றைய பாடத்தை முடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, ஊரில் மதிப்புக்குரிய மூத்தவர் ஒருவர் என்னை மறித்தார். அவரது பேத்தி என் வகுப்பில் படிக்கிறாள். பக்தாதை அழித்த ஹுலாகுவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை நமது பிள்ளைகளுக்கு ஏன் பெருமையாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையில் வருத்தப்பட்டே கேட்டார். அந்த இடத்தில் என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அவரது கேள்வி நியாயமானது. அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்த மனிதரின் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன்.

ஹிஜ்ரி 597 இல், குராஸானில் உள்ள தூஸ் நகரில் அவர் பிறந்தார். இமாம் கஸ்ஸாலி பிறந்ததும் அதே ஊர்தான். அத்தூஸியின் தந்தை பன்னிரு இமாம்களை ஏற்கும் ஷீஆப் பிரிவைச் சேர்ந்த ஒரு சட்ட அறிஞர். மகனை மார்க்கக் கல்வியோடு நிறுத்தாமல், தர்க்கம், மெய்யியல், கணிதம் என்று எல்லாவற்றையும் படிக்க வைத்தார். இளைஞனான பிறகு நிஷாப்பூருக்குப் போய் இப்னு ஸீனாவின் நூல்களைக் கற்றார். பின்னர் மேற்கே மோஸுல் வரை சென்று, அக்காலத்தின் பெரிய கணித ஆசான்களில் ஒருவரான கமாலுத்தீன் இப்னு யூனுஸிடம் கணிதமும் வானியலும் படித்தார்.

அவர் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவரது உலகம் இடிந்துகொண்டிருந்தது. செங்கிஸ் கானின் படைகள் குராஸானுக்குள் புகுந்தன. 1221 இல் நிஷாப்பூர் தரைமட்டமாக்கப்பட்டது. அவர் ஓதிய நகரம், நடந்த வீதிகள், ஆசான்கள் இருந்த வீடுகள் எல்லாம் போயின. அப்போது அவருக்கு வயது இருபது.

ஊரை இழந்த ஒரு கல்விமான் எங்கே போவது? 1230களில் குஹிஸ்தான் மலைப்பகுதியை ஆண்ட இஸ்மாயீலி ஆளுநர் நாஸிருத்தீன் அவருக்கு இடம் கொடுத்தார். அந்த ஆளுநரின் பெயரால்தான் 'அக்லாக்கே நாஸிரி' என்ற புகழ்பெற்ற ஒழுக்கவியல் நூலை எழுதினார். பிறகு அலமூத் பகுதியிலுள்ள இஸ்மாயீலிகளின் மலைக்கோட்டைகளுக்குப் போனார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இஸ்மாயீலிகளிடையே வாழ்ந்தார். அங்கே பெரிய நூலகம் இருந்தது. எழுத நேரமும் இருந்தது. 1247 இல் தொலமியின் 'அல்மஜிஸ்தி' என்ற வானியல் பெருநூலையும், அதையடுத்து யூக்ளிட்டின் கேத்திரகணித நூலையும் திருத்தி, விளக்கம் சேர்த்து அரபியில் எழுதினார். பல நூற்றாண்டுகளாக மத்ரஸாக்களில் பிள்ளைகள் கேத்திரகணிதம் படித்தது அந்தப் பதிப்பில்தான்.

ஆனாலும் அந்த வாழ்க்கை அவருக்கு இனிக்கவில்லை. இப்னு ஸீனாவின் 'இஷாராத்' நூலுக்கு அவர் எழுதிய விரிவுரையின் முடிவில், தன் நாட்கள் துயரத்திலும் நெருக்கடியிலும் கழிவதாக மனமுடைந்து எழுதியிருக்கிறார். அவர் அங்கே விருந்தாளியா, கைதியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். முகாம் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. சோறு தருகிறார்கள், கூரை தருகிறார்கள். ஆனால் விரும்பிய இடத்துக்குப் போக முடியாது. அதற்கு என்ன பெயர் வைப்பது?

இந்தக் கோட்டை வாழ்க்கையின்போதுதான் உருளும் வட்டங்களின் யோசனை அவருக்கு உருவானது. அது எதற்காக என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

அக்காலத்தில் பூமி நடுவில் நிற்கிறது, கிரகங்கள் அதைச் சுற்றுகின்றன என்றே எல்லோரும் கணக்குப் பார்த்தார்கள். அத்தூஸியும் அப்படித்தான் நம்பினார். ஆனால் செவ்வாய் போன்ற கிரகங்கள் வானத்தில் ஒரே சீராகப் போவதில்லை. சில வாரங்கள் பின்னோக்கி நகர்ந்து, ஒரு கொக்கி போட்டு, மறுபடி முன்னே போகும். இதை விளக்க, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தொலமி ஒரு பெரிய வட்டத்தின் மீது சுழன்று போகும் சிறு வட்டத்தை வைத்தார். கிரகம் அந்தச் சிறு வட்டத்தின் விளிம்பில் இருக்கிறது. வட்டத்தின் மேல் வட்டம் போனால் கொக்கி விழும் பாதை வரும். நான் சொன்ன டயர்ப் புள்ளியின் சொந்தக்கார வளைகோடுதான் இதுவும்.

கணக்கு ஓரளவு சரியாக வந்தது. ஆனால் அதைச் சரியாக வர வைப்பதற்குத் தொலமி ஒரு குறுக்கு வழியில் போயிருந்தார். பெரிய வட்டத்துக்கு மையம் ஓரிடம். அதன் சுழற்சி சீராக இருப்பதோ வேறோரிடத்திலிருந்து பார்த்தால்தான். சைக்கிள் கடைக்காரனின் மகன் என்பதால் எனக்கு இதை இப்படித்தான் சொல்ல வரும்: சக்கரம் சுற்றுவது ஓர் அச்சில், ஆனால் அதன் வேகம் ஒழுங்காகத் தெரிவது அச்சில்லாத இன்னொரு புள்ளியிலிருந்து. எந்த உண்மையான சக்கரமும் அப்படிச் சுற்றாது. கணக்கு வந்தால் போதும் என்று பலர் இதை விட்டுவிட்டார்கள். விடாதவர்களில் முக்கியமானவர் பதினோராம் நூற்றாண்டின் இப்னுல் ஹைஸம். தொலமி மீதான சந்தேகங்கள் என்று ஒரு நூலே எழுதி, இது நடக்க முடியாத இயக்கம் என்று காட்டினார். ஆனால் மாற்று வழியை அவர் தரவில்லை.

அந்த மாற்று வழியின் திறவுகோல்தான் தூஸி இணை. ஒரு பொருள் மையத்தை நோக்கி நேராகக் கிட்டே வந்து, மறுபடி நேராக விலகிப் போக வேண்டும். ஆனால் வானத்தில் வட்ட இயக்கம் மட்டுமே உண்டு என்பது அன்றைய விதி. வட்டங்களை மட்டும் வைத்து நேர் இயக்கத்தை எப்படிப் பெறுவது? ஒரு வட்டத்துக்குள், அதன் பாதி அளவுள்ள இன்னொரு வட்டத்தை, இருமடங்கு வேகத்தில் எதிர்த்திசையில் சுழல விடு என்பதே அவரது விடை. குஹிஸ்தான் ஆளுநரின் மகனுக்காக எழுதிய பாரசீக வானியல் நூல் ஒன்றின் பின்னிணைப்பில் இதன் முதல் வடிவம் இருக்கிறது. 1261 இல் எழுதி முடித்த 'அத்தத்கிரா' என்ற நூலில் முழு நிறுவலும் இருக்கிறது.

அந்த நிறுவலுக்கு நமது பதினோராம் தரப் பாடப் புத்தகம் போதும். பெரிய வட்டத்தின் மையத்தை ம என்று வையுங்கள். சிறிய வட்டம் பாதி அளவு என்பதால், எங்கே உருண்டாலும் அதன் விளிம்பு எப்போதும் ம ஊடாகப் போகும். பென்சில் புள்ளி முதலில் பெரிய வட்டத்தில் அ என்ற இடத்தைத் தொட்டு நிற்கிறது. தட்டை உருட்டுகிறோம். இப்போது இரண்டு வட்டங்களும் தொடும் இடம் த. அ இலிருந்து த வரை பெரிய வட்டத்தில் எவ்வளவு வில் நீளம் கடந்ததோ, அதே நீளம் சிறிய வட்டத்திலும் கடந்திருக்கும், ஏனெனில் வழுக்கவில்லை. சிறிய வட்டத்தின் ஆரை பாதி. எனவே அதே நீள வில் அதன் மையத்தில் இருமடங்கு கோணத்தை எதிரமைக்கும். மையத்தில் எதிரமைக்கும் கோணம் பரிதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு என்பது நாம் படித்த தேற்றம். ம சிறிய வட்டத்தின் பரிதியில்தான் இருக்கிறது. ஆகவே ம இலிருந்து பார்க்கும்போது பென்சிலுக்கும் த இற்கும் இடையிலுள்ள கோணம், அ இற்கும் த இற்கும் இடையிலுள்ள கோணமேதான். அப்படியானால் பென்சில் ம-அ கோட்டை விட்டு எங்கும் போயிருக்க முடியாது. அவ்வளவுதான். கவராயமும் அடிமட்டமும் இருக்கும் எந்தப் பிள்ளையும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

இனி அந்த மூத்தவரின் கேள்விக்கு வருகிறேன்.

1256 இல் செங்கிஸ் கானின் பேரன் ஹுலாகு இஸ்மாயீலிக் கோட்டைகளை முற்றுகையிட்டான். இஸ்மாயீலித் தலைவர் ருக்னுத்தீன் குர்ஷா சரணடைந்தார். அலமூத் நூலகம் பெரும்பாலும் எரிக்கப்பட்டது. அத்தூஸி ஹுலாகுவின் கைக்கு வந்தார், கொல்லப்படவில்லை, ஆலோசகராக்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்குள், 1258 பெப்ரவரியில், ஹுலாகு பக்தாதை வீழ்த்தினான். கலீபா அல்முஸ்தஃஸிம் கொல்லப்பட்டார். எத்தனை ஆயிரம் உயிர்கள் போயின என்பதற்கு யாரிடமும் சரியான கணக்கு இல்லை. அப்போது அத்தூஸி ஹுலாகுவின் பாசறையில் இருந்தார். கலீபாவின் மீது கை வைத்தால் பேரழிவுகள் நேரும் என்று ஒரு சோதிடர் எச்சரித்தபோது, அப்படி ஒன்றும் நடக்காது என்று அத்தூஸி ஹுலாகுவிடம் சொன்னதாக மங்கோலிய அரசவையின் வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் எழுதியிருக்கிறார். இமாம் இப்னு தைமிய்யாவும் அவரது மாணவர் இப்னுல் கையிமும் அத்தூஸியை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஷீஆ அறிஞர்களோ அவரைப் பெரிதாக மதிக்கிறார்கள். பக்தாதின் வீழ்ச்சியை அவரால் தடுத்திருக்கவே முடியாது என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

இவற்றில் எதையும் மறைத்து நான் அத்தூஸியைப் படிப்பிக்க விரும்பவில்லை. ஊரை அழித்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ற குற்றச்சாட்டு இலேசானது அல்ல. நானும் ஊர் இழந்தவன்தான். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. வாப்பாவின் சைக்கிள் கடையில் தொங்கிய ரிம்களையும், சாவிகளையும், பாதி திருத்திய சைக்கிள்களையும் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அன்று அந்தப் பக்கம் நின்றவர்களை மன்னிப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். எனவே அந்த மூத்தவரின் வருத்தத்தை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் கதை 1258 உடன் முடியவில்லை.

அடுத்த ஆண்டே, இன்றைய ஈரானின் வடமேற்கிலுள்ள மராகா நகரில், ஒரு குன்றின் மீது பெரிய வானாய்வகம் ஒன்றைக் கட்ட ஹுலாகுவைச் சம்மதிக்க வைத்தார் அத்தூஸி. ஹுலாகுவுக்கு வேண்டியிருந்தது சோதிடம். அத்தூஸிக்கு வேண்டியிருந்தது வானியல். செலவை நினைத்து ஹுலாகு தயங்கினான் என்றும், இரவில் ஒரு பெரிய உலோகத் தட்டை உயரத்திலிருந்து உருட்டிவிடச் சொன்னார் அத்தூஸி என்றும் ஒரு பழைய கதை உண்டு. சத்தம் கேட்டுப் படையினர் பயந்து ஓடினார்களாம். முன்கூட்டியே அறிந்திருந்த இருவர் மட்டும் அமைதியாக நின்றார்களாம். வருவதை முன்பே அறிவதன் பயன் இதுதான் என்று விளங்க வைத்தாராம். கதை நடந்ததோ இல்லையோ, வானாய்வகம் எழுந்தது உண்மை. அதன் அத்திவாரம் இன்றும் அந்தக் குன்றின் மீது இருக்கிறது.

அங்கே அவர் ஆட்களைச் சேர்த்தார். கருவிகள் செய்ய டமஸ்கஸிலிருந்து முஅய்யதுத்தீன் அல்உர்தி வந்தார். மேற்குலகிலிருந்து முஹ்யித்தீன் அல்மக்ரிபி வந்தார். குத்புத்தீன் அஷ்ஷீராஸி மாணவராக வந்து பேரறிஞரானார். சீனத்திலிருந்தும் ஓர் அறிஞர் வந்திருந்தார். ஷீஆ, சுன்னி, பாரசீகர், அரபி என்ற பேதம் அந்தக் குன்றின் மீது பார்க்கப்படவில்லை. செலவுக்கு வழி என்ன? ஆட்சியிலிருந்த வக்பு சொத்துகளின் பொறுப்பு அத்தூஸியிடம் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த வருமானத்தின் ஒரு பகுதியை வானாய்வகத்துக்கும், அங்கே கற்பவர்களுக்கும் கற்பிப்பவர்களுக்கும் திருப்பிவிட்டார்.

சனிக்கிரகம் ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 30 ஆண்டுகள் எடுக்கும். எனவே சரியான அட்டவணைக்கு 30 ஆண்டு அவதானிப்பு வேண்டும் என்று அத்தூஸி கேட்டதாகவும், 12 ஆண்டுகளில் முடிக்கும்படி ஹுலாகு கட்டளையிட்டதாகவும் சொல்லப்படுகிறது. 1265 இல் ஹுலாகு இறந்தான். அவனது மகன் அபாக்கா காலத்தில், 1272 அளவில், 'ஸீஜே இல்கானி' என்ற கிரக அட்டவணை முடிந்தது. திரிகோண கணிதத்தை வானியலின் வேலையாளாக வைக்காமல் தனித் துறையாக நிறுத்தியதும் அத்தூஸியின் நூல்தான்.

மராகாவின் நூலகத்தில் நான்கு இலட்சம் நூல்கள் இருந்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. அந்த எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த நூல்களில் பல பக்தாதிலிருந்தும் ஷாமிலிருந்தும் கொள்ளையாக வந்தவை என்பதையும் அதே நூல்கள் சொல்கின்றன. இதை வகுப்பில் சொன்னபோது, அப்படியென்றால் அவை யாருடைய புத்தகங்கள் சேர், திருப்பிக் கொடுத்தார்களா என்று ஒரு பிள்ளை கேட்டாள். வேறு யாருமல்ல, அந்த மூத்தவரின் பேத்திதான். நான் அவளுக்கு இப்னுல் பூவதியின் கதையைச் சொன்னேன்.

இப்னுல் பூவதி பக்தாதில் பிறந்தவர். நகரம் வீழ்ந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. மங்கோலியர்கள் சிறைப்பிடித்துக் கொண்டு போனார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பையன் எப்படியோ அத்தூஸியிடம் வந்து சேர்ந்தான். அத்தூஸி அவனைப் படிக்க வைத்தார்; பின்னர் மராகா நூலகத்தின் பொறுப்பைக் கொடுத்தார். தன் ஊரிலிருந்து கொள்ளை போன புத்தகங்களுக்கே காவலாளியானார் அந்த இளைஞர். பல ஆண்டுகளுக்குப் பின் பக்தாதுக்குத் திரும்பி, முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவின் நூலகத்தை நடத்தினார். தான் வாழ்ந்த காலத்து அறிஞர்களைப் பற்றிப் பெரும் வரலாற்று அகராதி ஒன்றை எழுதினார். அந்தக் காலத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமானவை அவர் எழுதி வைத்ததால் தெரிந்தவைதான்.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்குப் புத்தளம் நினைவு வந்தது. முகாமில் கிடுகுக் கொட்டிலுக்குள், புத்தகமோ கரும்பலகையோ இல்லாமல், மணலில் ஈர்க்கால் வட்டம் கீறி எங்களுக்குக் கேத்திரகணிதம் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரும் எல்லாவற்றையும் இழந்து வந்தவர். அரசியலில் அவர் எந்தப் பக்கம், யாரோடு பேசினார், யாருக்குப் பணிந்தார் என்று அன்று எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. அந்த மணல் வட்டம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துத்தான் இன்று சம்பளம் வாங்குகிறேன்.

நாங்கள் மட்டும் இழக்கவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 2009 இல் இதே முல்லைத்தீவு மண்ணில் நமது அயலவரான தமிழ் மக்கள் பிள்ளைகளையும், வீடுகளையும், பாடசாலைகளையும் இழந்தார்கள். யுத்தம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது, அவர்களும் மெனிக் பாமிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இரு சாராரும் முதலில் துப்புரவாக்கியது கிணற்றையும் வளவையும்தான். அது சரியே. ஆனால் அதற்கு அடுத்ததாக எதைக் கட்டினோம் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அத்தூஸி 1274 ஜூன் 26 அன்று பக்தாதில் இறந்தார். எந்த நகரத்தின் அழிவோடு அவரது பெயர் இணைக்கப்படுகிறதோ, அதே நகரத்தின் காழிமிய்யாவில் அடக்கம் செய்யப்பட்டார். கடைசிப் பயணத்தில் அவர் அங்கு சென்றது வக்பு விவகாரங்களைப் பார்க்கவும், இன்னும் புத்தகங்களைச் சேர்க்கவும் என்று சொல்வார்கள்.

அவரது வட்டங்கள் தொடர்ந்து உருண்டன. அடுத்த நூற்றாண்டில் டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் நேரக் கணிப்பாளரான இப்னுஷ் ஷாதிர் அந்த இணையைத் தன் கிரக மாதிரிகளில் பயன்படுத்தினார். 1543 இல் வெளியான கொப்பர்னிக்கஸின் நூலிலும் அதே இணை வருகிறது. அவரது வரைபடத்தில் புள்ளிகளுக்கு இட்ட எழுத்துகள் அத்தூஸியின் அரபு எழுத்துகளோடு ஒத்துப்போவதை 1973 இல் வில்லி ஹார்ட்னர் என்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். எந்த வழியாக அது போலந்து வரை போனது என்பது இன்னும் முடிவாகவில்லை. நமது பக்கத்துக்கும் அது வந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெய்ப்பூர் மன்னர் ஜெய்சிங்கின் அவையில், அத்தூஸியின் யூக்ளிட் பதிப்பு 'ரேகாகணிதம்' என்ற பெயரில் சமஸ்கிருதமானது. 'தத்கிரா'வில் தூஸி இணை வரும் அத்தியாயமும் பிர்ஜந்தியின் விரிவுரையோடு 1729 இல் சமஸ்கிருதத்துக்கு வந்தது. ஒரு முஸ்லிம் அறிஞர் விளக்கிச் சொல்ல, ஒரு பண்டிதர் எழுதினார். 1805 இல் இங்கிலாந்தில் மத்தியூ மரே செய்த நீராவி இயந்திரம் ஒன்றில், உந்துதண்டின் நேர் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றியதும் இதே ஒன்றுக்கு இரண்டு என்ற சக்கர அமைப்புத்தான்.

எனவே மூத்தவருக்கு என் பதில் இது. அத்தூஸியை விடுதலை செய்யும் நீதிபதி நானல்ல. அவரது கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. அவரை நாயகனாக்கி வகுப்புச் சுவரில் தொங்கவிடவும் நான் கேட்கவில்லை. அழிவு முடிந்த அடுத்த ஆண்டே அவர் ஆசிரியர்களைச் சேர்த்தார், புத்தகங்களைச் சேர்த்தார், சிறைப்பட்ட ஒரு பையனைப் படிக்க வைத்தார், வக்பு வருமானத்தை அதற்குத் திருப்பினார். அவரது குற்றத்தைப் பேசுகிறவர்களும், புகழைப் பேசுகிறவர்களும் இந்த வேலையை நாம் செய்தோமா என்று பார்க்க வேண்டும்.

சில நாட்களுக்குப் பிறகு, அஸர் தொழுகை முடிந்து அந்தப் பலகைகளை எடுத்துக்கொண்டு அவரது வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு காலத்தில் தச்சு வேலை செய்தவர். தட்டை வாங்கி இரண்டு முறை உருட்டினார். விளிம்பு இன்னும் மட்டமாக வேண்டும், ஒரு பக்கம் வழுக்குகிறது என்று குறை சொன்னார். பிறகு மூன்றாவது முறையும் உருட்டினார். ஹுலாகுவைப் பற்றிய அவரது கருத்து மாறவில்லை. மாற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் நான் எழும்பியபோது, பேத்தி உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கக் கேட்கிறாள், என்ன செய்வது என்று கேட்டார்.

அதுதான் எங்கள் உண்மையான பிரச்சினை. எங்கள் பக்கத்தில் கணிதப் பிரிவைத் தெரிவுசெய்யும் பிள்ளை ஊரை விட்டு வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்த் தங்கிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆண் பிள்ளைகள் எப்படியோ சமாளிக்கிறார்கள். பெண் பிள்ளைகள் கலைப் பிரிவை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பேர் இப்படி நின்றுவிடுவதை நான் பார்க்கிறேன்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும், வக்பு சொத்துகளைப் பராமரிப்பவர்களுக்கும், புத்தளத்திலும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் ஊரவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வன்னியின் முஸ்லிம் கிராமங்களுக்குப் பொதுவாக, வவுனியாவில் பெண் பிள்ளைகள் பாதுகாப்பாகத் தங்கிப் படிக்க ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். அல்லது கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படிப்பிக்கக்கூடிய மூவருக்குப் போக்குவரத்துச் செலவு கொடுத்து வார இறுதியில் ஊருக்கு அழையுங்கள். அயல் தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருக்கட்டும். மராகா அளவுக்கு நாம் எதையும் கட்ட வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை டிசம்பரில் சாதாரண தரம் எழுதுகிறாள் என்று வீட்டில் நாட்காட்டியில் குறித்திருக்கிறார்கள். பெறுபேறு வந்த பிறகு அவளது பாட்டனாருக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது. அந்தப் பதிலை நான் தனியாகச் சொல்ல முடியாது. இன்ஷா அல்லாஹ், அதை நாம் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும்.